ஜீப் மீட்பு ஒப்பந்தம், ஷரத்து இரண்டு

இனி எந்தக் கொம்பனும் என் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க முடியாது.

இந்தத் தீர்மானம் நிறைவேறிய இடம் எங்கள் குளியலறை. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். இடுப்பு வரை சேறு. கதவுக்கு வெளியே நின்ற என் மனைவி மட்டும் நடுநிலை வகித்தாள்.

"முதல்ல சட்டையைக் கழட்டி வாளியில போடுங்க. தீர்மானத்தை அப்புறம் போடலாம்."

நான் சாதாரண ஆள் இல்லை. கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் முப்பது வருடம் சங்கத் தலைவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. துண்டுப் பிரசுரம் படித்து வளர்ந்தவன், பிறகு துண்டுப் பிரசுரம் எழுதி ஊரை வளர்த்தவன். ஓய்வு பெற்ற அன்று சங்கம் தன் பழைய பிரசார ஜீப்பை எனக்குப் பரிசாகக் கொடுத்தது. நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றும் வண்டி. தலையில் ஒலிபெருக்கி. காட்டிலும் மேட்டிலும் ஓடப் பிறந்தது. நான் அதை ஓட்டும் காடு, எங்கள் வீட்டை ஒட்டிப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டித் தார் ரோட்டுக்குப் போகும் மண் சந்து. நீளம் நாற்பது தப்படி. சிரிக்காதீர்கள். மழை பெய்தால் அந்த நாற்பது தப்படியைக் கடப்பதற்குள் ஒரு போராட்டத்தையே நடத்தி முடித்துவிடலாம்.

அன்று மழை பெய்தது. இருபதாவது தப்படியில் ஜீப் உட்கார்ந்துவிட்டது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். அது இன்னும் வசதியாக உட்கார்ந்தது.

அப்போதுதான் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. வந்தவர் மேனேஜர்.

மேனேஜர் என்றால் எங்கள் தொழிற்சாலையின் மேனேஜர். முப்பது வருடம் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, உலகத்தில் வேறு வீடே இல்லாத மாதிரி, எனக்கு எதிர் வீட்டையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் கோரிக்கைகளை முப்பது வருடம் இழுத்தடித்த அதே மனிதர், அன்று தன் காரில் ஒரு கயிற்றைக் கட்டி, என் ஜீப்பை இரண்டே நிமிடத்தில் இழுத்து வெளியே போட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பின்னால் போனேன். தெருவே பார்த்தது.

"பாத்து வாங்க தலைவரே" என்றார், இறங்கி வந்து. என் மனைவி அவருக்கு டீ கொடுத்தாள். சர்க்கரை தூக்கலாக.

அதனால்தான் சபதம். மீட்புக் கருவிகள் வாங்குவேன். சேற்றில் விழுந்தால் நானே எழுவேன்.

"அதெல்லாம் வாங்கி எங்க வைக்கிறதாம்?" என்றாள் மனைவி.

"பின்னறையில."

அவள் முகம் மாறியது. பின்னறை எங்கள் வீட்டின் எல்லைத் தகராறு. அதில் என் போராட்டப் பலகைகள் இருக்கின்றன. ஊர்வலத்தில் தூக்கிய பலகைகள். கனமான பிளைவுட், சிவப்பு எழுத்து, மொத்தம் அறுபத்தொன்று. முப்பது வருட வரலாறு சுவரோரமாகச் சாய்ந்து நிற்கிறது. மனைவிக்கு வரலாறு தெரியாது. அவளுக்குத் தையல் தெரியும். அந்த அறையில் தையல் வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவளுடைய பதினோரு வருடக் கோரிக்கை. ஆறு பெண்கள் சேரக் காத்திருக்கிறார்கள். மூன்று தையல் மெஷின் வாங்கி வைத்திருக்கிறாள். மூன்றும் எங்கள் படுக்கையறையில் நிற்கின்றன. நான் புரண்டு படுத்தால் கால் பெடலில் பட்டு மெஷின் ஓடும். ஒருமுறை என் போர்வையின் ஓரத்தைத் தூக்கத்திலேயே தைத்திருக்கிறேன்.

"அந்த ரூமை எப்பத்தான் காலி பண்ணுவீங்க?"

"கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."

"பதினோரு வருஷமாவா?"

"தக்க சமயத்தில் பரிசீலிக்கப்படும்."

இந்த வாக்கியத்தை மேனேஜரிடம்தான் கற்றுக்கொண்டேன். எதிரியிடமும் கற்கலாம்.

மறுநாள் இருவரும் மீட்புக் கருவிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் காட்டுப் பாதைப் பந்தயங்களில் வண்டி ஓட்டியவராம். கையில் தழும்பு, கழுத்தில் விசில். சுவர் முழுக்கக் கயிறும் கொக்கியும் சங்கிலியும் தொங்கின. எனக்குக் கண் கலங்கியது. இத்தனை சங்கிலியைப் பார்த்தும் உடைக்கத் தோன்றாதது அன்றுதான்.

"வண்டி எவ்வளவு வெயிட் சார்?"

"வரலாற்றையும் சேர்த்தா?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள், "ஒன்றரை டன் இருக்கும்ங்க" என்றாள்.

"தனியாப் போவீங்களா, துணைக்கு இன்னொரு வண்டி வருமா?"

"தனியாகத்தான். எந்த வண்டியின் தயவும் எனக்குத் தேவையில்லை."

"அப்ப இந்த இழுவைக் கயிறு வேண்டாம் சார். இது ரப்பர் மாதிரி நீண்டு சுண்டி இழுக்கும். ஆனா இழுக்க முன்னாடி ஒரு வண்டி வேணும்."

"ரெண்டு மீட்டர் கூடுதலாகக் கொடுங்கள்."

"கை வின்ச் இருக்கு. கம்பியைக் கொக்கியில மாட்டி நெம்புகோலை ஆட்டினா, இஞ்ச் இஞ்சா இழுக்கும். ஆனா மாட்டுறதுக்குப் பெரிய மரம், இல்லன்னா அசையாத ஏதாவது வேணும்."

"அசையாதவன் நானே இருக்கிறேன். எடுங்கள்."

"உயர ஜாக் இருக்கு. சேத்துல வச்சா இறங்கும், அடியில அகலமா ஏதாவது..."

"எடுங்கள்."

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "சார், நான் ஒண்ணு சொல்றேன். தனியாப் போறவருக்கு ரெண்டு பலகையும் ஒரு மண்வெட்டியும் போதும். டயருக்கு அடியில இருக்கிற சேத்தை வெட்டி, பலகையைச் செருகி, மெதுவா முதல் கியர்ல ஏத்தினா வண்டி தானா வந்துடும். விலையும் கம்மி."

"பலகையா?" நான் சிரித்தேன். "முப்பது வருஷம் நிர்வாகத்தை அசைச்சவன்கிட்ட வந்து ரெண்டு பலகை வாங்கச் சொல்றீங்களா?"

என் மனைவி சிரிக்கவில்லை. "பலகைன்னா எந்த மாதிரிங்க?" என்று கேட்டாள்.

"பிளாஸ்டிக்ல வரும்மா. அவசரத்துக்கு நல்ல கனமான பிளைவுட் இருந்தாலும் போதும்."

"ஓ" என்றாள் அவள். அவ்வளவுதான். வாசகர்களே, அந்த 'ஓ'வை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நான் ஒரு கொக்கியை முத்தமிட்டுக்கொண்டிருந்தேன்.

கயிறு, வின்ச், ஜாக், எட்டுக் கொக்கி, தோல் கையுறை எல்லாம் வந்து சேர்ந்தன. வீட்டு வாசலில் மனைவி நின்றாள். கையில் துடைப்பம்.

"உள்ள வரணும்னா ஒரு பேச்சுவார்த்தை பேசிடலாம்."

பேச்சுவார்த்தை! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இருபது வயது குறைந்தது. ஓய்வு பெற்றவனுக்கு எதிரில் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும். சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நடுவில் தண்ணீர்ச் சொம்பு.

"இதெல்லாம் உண்மையிலயே வேலை செய்யுமான்னு ஒரு நாள் சோதிச்சுப் பாத்துடுவோம்" என்றாள். "வேலை செஞ்சா நான் வாயைத் திறக்கல."

"நியாயமான கோரிக்கை. எழுத்துப்பூர்வமாக இருக்கட்டும்."

அவள் என் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் பக்கம் நீட்டினாள். "நீங்களே எழுதுங்க. உங்களுக்குத்தான் எழுதவரும்."

சிலிர்த்துவிட்டது. மேனேஜரும் இப்படித்தான். ஒவ்வொரு ஒப்பந்தத்தின்போதும் பேனாவை என் பக்கம் நீட்டிவிடுவார். "தலைவரே, நீங்களே எழுதுங்க. உங்க தமிழ் எங்களுக்கு வராது." முப்பது வருடத்தில் முப்பத்திரண்டு ஒப்பந்தம். முப்பத்திரண்டையும் எழுதியவன் நான். எந்த ஊரில் நிர்வாகம் தொழிலாளியிடம் பேனாவைக் கொடுத்திருக்கிறது? எழுதி முடித்ததும், "பிரமாதம் தலைவரே" என்று கைகுலுக்குவார். தோற்றவனின் கை எப்படிச் சில்லென்று இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

எழுதினேன்.

ஷரத்து ஒன்று: மீட்புக் கருவிகள் அனைத்தும் பின் சந்தில், பொதுமக்கள் முன்னிலையில் சோதிக்கப்படும்.

ஷரத்து இரண்டு: சோதனையில் ஜீப்பை மீட்ட பொருள் நிரந்தரமாக ஜீப்பிலேயே வைக்கப்படும். மீட்கத் தவறிய பொருள் வீட்டுக்குள் நுழையாது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பொருள்னு மட்டும் போட்டா போதுமா? நாளைக்கு நானே வந்து, இது கடையில வாங்கினதில்ல, இது கருவியே இல்லன்னு தகராறு பண்ணினா?"

பாருங்கள், எதிர்த்தரப்பே தன் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது! நான் அவசரமாகத் திருத்தினேன்: 'மீட்ட பொருள் எதுவாயினும், எங்கிருந்து வந்ததாயினும், எத்தனையாயினும்.' 'எத்தனையாயினும்' என் சொந்தக் கற்பனை. ஓசைக்காகச் சேர்த்தது.

"அப்புறம் அந்தப் பின்னறை..." என்று இழுத்தாள், கண்ணைத் தாழ்த்தி.

இரும்பு சூடாக இருந்தது. அடித்தேன். ஷரத்து மூன்று: பின்னறையில் ஒரே ஒரு பலகை மிச்சமிருக்கும் வரையிலும் தையல் வகுப்புக் கோரிக்கை எழுப்பப்படக் கூடாது.

"ஒரே ஒரு பலகை இருந்தாக்கூடவா?"

"இருந்தாலும்."

"ஒண்ணுகூட இல்லன்னா?"

நான் இடியிடியென்று சிரித்து அதையும் எழுதினேன்: ஒன்றும் இல்லாத பட்சத்தில் அறை உடனடியாக மனைவிக்குச் சொந்தம். எழுதினால் என்ன? அறுபத்தொரு பலகைக்கும் காலா முளைக்கப் போகிறது?

அவள் பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டாள். "எழுத்து நல்லா இருக்குங்க" என்றாள். பதினோரு வருடப் போராட்டம் ஒரே மாலையில் முறியடிக்கப்பட்டது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். இரண்டு வாரமாக மழையே இல்லை.

"சேத்துக்கு என்ன பண்றது?" என்றேன்.

"சேத்துக்கு நான் பொறுப்பு."

என்ன ஒத்துழைப்பு! ஞாயிறு காலையிலிருந்து மோட்டாரைப் போட்டுத் தொட்டியை வழியவிட்டாள். பத்து மணிக்குச் சந்து தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாயசம் மாதிரி ஆகிவிட்டது.

நான் ஜீப்பின் ஒலிபெருக்கியைப் போட்டேன். "பொதுமக்களே! சுயமரியாதையுள்ள ஒரு வாகனம், எவருடைய தயவும் இன்றி, தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் காட்சியைக் காண வாரீர்!" தெரு வந்தது. மேனேஜரும் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து, தன் வீட்டு நிழலில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்தார். என் மனைவியின் பின்னால் ஆறு பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தி கழுத்திலும் ஒரு அளவு நாடா. வேடிக்கை பார்க்க எதற்கு நாடா என்று நான் கேட்கவில்லை.

ஜீப்பைச் சந்துக்குள் விட்டேன். நான்காவது தப்படியில் அது கம்பீரமாகப் புதைந்தது. கைதட்டல்.

முதலில் இழுவைக் கயிறு. ஜீப்பின் முன் கொக்கியில் மாட்டினேன். மறுமுனையைக் கையில் பிடித்தபடி சுற்றிப் பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒரே வண்டி மேனேஜருடையது. அவர் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்தார்.

"வரட்டுமா தலைவரே?"

"வேண்டாம்!"

கயிற்றைச் சுருட்டி வைத்தேன். மனைவி கையில் ஒரு சிட்டை. "கயிறு, தவறியது" என்று எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது, கை வின்ச். மரம் இல்லை. அசையாத பொருள் தேடினேன். சந்து முனையில் எங்கள் துணிக்கொடியின் கல் கம்பம் இருந்தது. மாட்டினேன். நெம்புகோலை ஆட்டினேன். கம்பி விறைத்தது. ஏதோ நகர்ந்தது! கூட்டம் ஆரவாரித்தது. இன்னும் வேகமாக ஆட்டினேன்.

"என்னங்க..."

"பேசாதே! நகர்கிறது!"

"நகருதுங்க. ஆனா வண்டி இல்ல."

நிமிர்ந்தேன். ஜீப் இருந்த இடத்தில் இருந்தது. கம்பம்தான் வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே கொடியும் வந்தது. கொடியில் என் நான்கு வெள்ளைச் சட்டைகளும் மற்ற உடைகளும் வரிசையாகச் சேற்றில் ஊர்வலம் வந்தன. இத்தனை ஒழுங்கான ஊர்வலத்தை நான் தலைவனாக இருந்தபோதுகூட நடத்தியதில்லை.

"வின்ச், தவறியது. சட்டை நாலு" என்று எழுதினாள் மனைவி.

மூன்றாவது, ஜாக். ஆள் உயரம் இருக்கும். பம்பருக்கு அடியில் நிறுத்தி அடிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு அடிக்கும் 'டக்' என்று வீரமான ஒரு சத்தம். இருபது டக். முப்பது டக். வண்டி உயரவில்லை. ஜாக் குட்டையாகிக்கொண்டே வந்தது.

"கீழ போகுதுங்க."

"அஸ்திவாரம் பிடிக்கிறது."

"இன்னும் நாலு அடி அடிச்சா ஊத்துத் தண்ணி வந்துடும். அப்படியே கிணறுன்னு சொல்லிக்கலாம்."

ஆறு பெண்களும் சிரித்தார்கள். நான் அடித்தேன். ஜாக்கின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் விடைபெற்றது.

வெயில் ஏறியது. செய்தித்தாள் மடியும் சத்தம் கேட்டது.

"தலைவரே, நான் வேணா காரை எடுத்துட்டு..."

மறுபடியுமா? இத்தனை பேர் முன்னால், மறுபடியும் அந்தக் கயிறா? சேற்றுக்குள் போன ஜாக்கின் பின்னாலேயே நானும் போய்விடலாம் போல இருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்றாள் என் மனைவி. பிறகு என்னிடம் மெல்லிய குரலில், "என்னங்க, மேனேஜர் அண்ணன் இழுக்கட்டுமா, இல்ல நான் ஒரு வழி பண்ணட்டுமா?"

"நீ பண்ணு" என்றேன். "எது வேண்டுமானாலும் பண்ணு."

"எது வேணாலுமா?"

"எது வேண்டுமானாலும்."

அவள் திரும்பி ஆறு பெண்களுக்கும் தலையசைத்தாள். பின்னறையின் ஜன்னல் சந்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. அது திறந்தது. உள்ளே ஓடிய ஒருத்தியின் கையிலிருந்து முதல் பலகை வெளியே வந்தது. அடுத்த பெண் வாங்கினாள், அதற்கடுத்தவள் வாங்கினாள். கைக்குக் கை மாறி, பலகை சேற்றுக்கு வந்தது. மனைவி மண்வெட்டியால் டயருக்கு முன்னால் நாலு வெட்டு வெட்டி, பலகையைச் செருகினாள். எழுத்துப் பக்கம் மேலே.

படித்தேன். 'எங்களை மிதித்து முன்னேற முடியாது!'

"வண்டியில ஏறுங்க. முதல் கியர். மெதுவா."

ஏறினேன். மெதுவாக விட்டேன். ஜீப் ஒரு உறுமல் உறுமி, அந்தப் பலகையை மிதித்து, முன்னேறியது.

ஆனால் சந்து நாற்பது தப்படி. முழுக்கச் சேறு. பலகைக்கு முன்னால் பலகை, அதற்கு முன்னால் பலகை. இரண்டு டயருக்கும் இரண்டு தண்டவாளம். ஆறு பெண்களும் கொடுக்கக் கொடுக்க, மனைவி போடப் போட, நான் என் வாழ்க்கை வரலாற்றின் மேலேயே வண்டி ஓட்டினேன். போனஸ் போராட்டம் 'மளுக்' என்றது. கேன்டீன் போராட்டம் சேற்றுக்குள் அமிழ்ந்தது. எட்டு நாள் உண்ணாவிரதம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. 'ஓட ஓட விரட்டுவோம்' கொஞ்சம் வழுக்கிவிட்டது. அறுபத்தோராவது பலகையில் முன் சக்கரம் ஏறியபோது சந்து முடிந்தது. தார் ரோடு. ஜீப் மீண்டது!

தெருவே கைதட்டியது. நான் ஒலிபெருக்கியில், "வெற்றி! வெற்றி! எவன் தயவும் இல்லாமல் வெற்றி!" என்று முழங்கினேன். நன்றி சொல்லத் திரும்பினேன். சந்தில் யாரும் இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஏதோ உருளும் சத்தம் வந்தது. ஓடினேன். ஆறு பெண்களும் படுக்கையறையிலிருந்து மூன்று மெஷினையும் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அளவு நாடாவை விரித்து ஜன்னலுக்குத் திரை அளந்தாள்.

"என்ன அக்கிரமம் இது!"

மனைவி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். என் தாள். நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "மீட்ட பொருள் எதுவாயினும், எங்கிருந்து வந்ததாயினும், எத்தனையாயினும், நிரந்தரமாக ஜீப்பிலேயே வைக்கப்படும். அறுபத்தொண்ணும் மீட்டிருக்கு. அறுபத்தொண்ணும் ஜீப்புக்குப் போகுது. ரூம்ல ஒண்ணும் இல்ல. மூணாவது ஷரத்தைப் படிக்கட்டுமா?"

"இது... இது சதி."

"உங்க கையெழுத்துங்க."

கயிறு, வின்ச் இரண்டும் அன்றே கடைக்குத் திரும்பின. ஜாக் இன்னும் சந்தில்தான் இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

மாலையில் பின்னறையில் மூன்று மெஷினும் ஒன்றாக ஓடின. வாசலில் போய் நின்றேன். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் பதினோரு வருடமாக நான் பார்க்காத ஒன்று இருந்தது. திட்டவேண்டும் என்றுதான் வந்தேன். கேட்டதோ வேறு.

"ஒண்ணு மட்டும் சொல்லு. பலகை யோசனை எப்படி வந்துச்சு?"

"கடைக்காரர் சொன்னாரே. நீங்கதான் கொக்கியைக் கொஞ்சிக்கிட்டு இருந்தீங்க."

"அது போகட்டும். ஒப்பந்தம்? என்னையே எழுதவச்சு என்னையே மடக்குற வித்தை உனக்கு ஏது?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்கு ஏதுங்க. மேனேஜர் அண்ணன்கிட்ட போய்க் கேட்டேன், இவர்கிட்ட எப்படித்தான் பேசுறதுன்னு. 'வாதாடவே வாதாடாதீங்கம்மா. பேனாவை அவர் கையில குடுத்து, நீங்களே எழுதுங்கன்னு சொல்லிடுங்க. நமக்கு வேணும்கிறதை அவரே நல்ல தமிழ்ல எழுதிக் குடுத்துடுவாரு. முடிச்சதும் எழுத்து நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அதுக்கப்புறம் அவரு படிச்சே பாக்கமாட்டாரு'ன்னாரு."

படுக்கையறைக்குப் போனேன். இப்போது அங்கே நடக்க இடம் இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்தேன். முப்பத்திரண்டு ஒப்பந்தங்கள்.

முதல் தடவையாக உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது.